எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், நான் மட்டும் நார்மலாக இல்லை

ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசைக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தெரிய வந்தபோது, என் ஹீமோகுளோபின் 7.2-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த நிலைக்கு ஒரே ராத்திரியில் யாரும் போய்ச் சேர்வதில்லை. முதல் அறிகுறி தலைகாட்டியதிலிருந்து காரணம் பிடிபடுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பல் டாக்டர், தோல் டாக்டர், இதய டாக்டர் என்று சுற்றியதில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கரைந்தது. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து, கடைசியில் சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்டேன். தனியாக வசிப்பவள் என்பதால் "உன் முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்கவும் வீட்டில் ஆளில்லை. இத்தனைக்கும் தேவைப்பட்டது சாதாரணமான ஒரு ரத்தப் பரிசோதனை. முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஐஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் வந்தது. குளிர்ந்த தண்ணீரோ ஐஸ்கிரீமோ அல்ல, கடக் கடக்கென்று கடிபடும் கட்டிதான் வேண்டும். ஆபீஸ் ஃபிரிட்ஜில் இருந்த ட்ரேயை ஒரு மத்தியானத்தில் காலி செய்துவிட்டு, அடுத்தது உறைவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் திறந்து பார்ப்பேன். வீட்டில் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் நிறைய இருக்கும். ஆபீஸில் பக்கத்து இருக்கையில் இருக்கும் சின்னப் பெண் ஒருநாள், "அக்கா, உங்களுக்கு இருக்கிறது பல்லா, இரும்பா?" என்று கேட்டாள். இரும்புதான் இல்லை என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு கடைவாய்ப்பல்லில் ஒரு சில்லு உடைந்தது. பல் டாக்டர் அதைச் சரிசெய்து, மேலே கேப் போட்டு, "ஐஸ் கடிக்கிறதை விட்டுடுங்க" என்றார். ஏன் கடிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. உணவே அல்லாத பொருளின் மேல், அல்லது சத்தே இல்லாத ஒன்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவதற்கு மருத்துவத்தில் பைக்கா என்று பெயர். மண், சுண்ணாம்பு, காகிதம் என்று அது ஆளுக்கு ஆள் மாறும். ஐஸ் மேல் வந்தால் பேகோஃபேஜியா. இரும்புச்சத்துக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வருவது இது. அதனால் உங்களுக்கோ வீட்டில் இருப்பவருக்கோ திடீரென்று இப்படி ஒரு வேண்டாத ஆசை பிடித்து ஆட்டினால் கேலி பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம், டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்து வந்தது மூச்சிரைப்பு. அதுகூட 'வந்தது' என்று சொல்லும்படி வரவில்லை. முதல் மாடிக்கு ஏறினாலே நெஞ்சு படபடத்தது, நான் லிஃப்டுக்கு மாறினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கிறபோது போன் பார்ப்பதாகக் காட்டிக்கொள்வேன். தோள்பை கனமாகத் தெரிந்ததால் மடிக்கணினியை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன். தோழிகளோடு நடக்கும்போது நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அவர்களைப் பேச விட்டேன், பேசிக்கொண்டே நடக்க மூச்சு போதவில்லை என்பதுதான் காரணம். எடை கூடிவிட்டது, வயசாகிறது, பயிற்சி போதவில்லை என்று எல்லாரும் சொல்லும் காரணங்கள் எனக்கும் பொருந்தத்தான் செய்தன. ரத்தசோகை மெதுவாக வருகிறபோது உடம்பும் கூடவே அனுசரித்துக்கொள்கிறது. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து, இருக்கிற ரத்தத்தையே அதிகத் தடவை சுற்றிவிட்டுச் சமாளிக்கிறது. அதனால்தான் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த பிறகும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோதுதான் நான் பயந்தே போனேன். மூச்சு இரைத்தபோது வராத பயம் முடிக்கு வந்தது, என்ன செய்ய. தோல் டாக்டர் ஒரு தைலமும், ஒரு ஷாம்பூவும், அதிக அளவு பயோட்டின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இந்த பயோட்டினால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சில மாதம் கழித்துப் படபடப்பு அதிகமானதும் வேறொரு டாக்டர் தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 அதிகம் என்று வந்தது. படபடப்பு, முடி கொட்டுதல், தூக்கமின்மை எல்லாம் அதற்குப் பொருந்தியும் போயின. "தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறது, மருந்து ஆரம்பித்துவிடலாம்" என்றார்கள். நல்லவேளையாக, மாத்திரை தொடங்கும் முன் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒருவர், "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். தைராய்டு பரிசோதனைகள் பலவற்றில் ரசாயன ஒட்டாகப் பயன்படுவதே பயோட்டின்தான். ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் அந்த முறையில் எடுக்கும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். நான் விழுங்கியது 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேலே. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட இது கெடுக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் தைராய்டு கச்சிதமாக இருந்தது. முடிக்கோ தோலுக்கோ நகத்துக்கோ சத்து மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரைக் கேளுங்கள், குறைந்தது இரண்டு மூன்று நாளாவது சொல்வார்கள்.

தைராய்டு இல்லை என்றானதும் இதயம். ஈ.சி.ஜி., எக்கோ, ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு திரியும் ஹோல்டர் எல்லாம் எடுத்தாயிற்று. துடிப்பு கொஞ்சம் வேகம், மற்றபடி எல்லாம் நார்மல். இதற்குள் நானே விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். மூச்சு வாங்கும்போதெல்லாம் மாட்டிப் பார்ப்பேன், 99 என்று காட்டும். ஆக்ஸிஜன் 99 இருக்கிறது, அப்புறம் என்ன, எல்லாம் பிரமைதான் என்று என்னையே நான் திட்டிக்கொண்ட இரவுகள் உண்டு. அந்தக் கருவி அளப்பது இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும். ஹீமோகுளோபினே பாதிதான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடுமையான ரத்தசோகையிலும் அது 99 காட்டும். இதை அந்தப் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

எல்லா ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்த பிறகு எனக்குக் கிடைத்த பட்டம் 'டென்ஷன்'. "வேலையைக் குறைச்சுக்கோங்க, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்குப் படபடப்பு என்றால் அந்த முடிவுக்கு வருவது எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது. மனப்பதற்றம் உண்மையான நோய்தான், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அதை முடிவு செய்யும் முன் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12 இவற்றையாவது பார்த்திருக்க வேண்டும். 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்பும் டாக்டரிடம் மரியாதையாகவே இப்படிக் கேட்கலாம்: "டென்ஷனாக இல்லாவிட்டால் வேறு என்னவாக இருக்கும் டாக்டர்? அதற்கு ஏதாவது டெஸ்ட் இருக்கிறதா?" இந்த ஒரு கேள்வி பேச்சின் திசையைத் திருப்பிவிடும். எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை, சோர்வில் நாக்குக்கூடப் புரளவில்லை.

இரவில் கால் தொந்தரவு தொடங்கியிருந்தது. வலி என்று சொல்ல முடியாது. படுத்த சிறிது நேரத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு குடைச்சல் வரும். காலை அசைத்தால் விடும், அசைப்பதை நிறுத்தினால் திரும்ப வரும். நடுராத்திரியில் எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பேன். கீழ்வீட்டுப் பாட்டி ஒருநாள் படியில் பார்த்து, "ராத்திரியெல்லாம் என்னம்மா நடந்துட்டே இருக்கே?" என்றே கேட்டுவிட்டார். தூக்கம் வருவதற்காக, சளிக்குக் கொடுக்கும் மயக்கம் தரும் மாத்திரை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அன்று கால் இன்னும் மோசமானது. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்கிற இந்தத் தொந்தரவை அந்த வகை ஒவ்வாமை மருந்துகள் கூட்டும் என்பது பிறகு தெரிந்தது. சில மனச்சோர்வு மாத்திரைகளும் கூட்டுமாம். மூளைக்குப் போதுமான இரும்பு கிடைக்காதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் இரவில் கால் குடைச்சல் இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தாலும் ஃபெரிட்டின் பார்ப்பார்கள், 75-க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள்.

இத்தனையும் நடக்கிறபோது மாதவிடாயைப் பற்றி நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே அதிகம்தான். அம்மாவுக்கும் அப்படி, பெரியம்மாவுக்கும் அப்படி. "நம்ம வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான்" என்று கேட்டு வளர்ந்ததால் அது ஒரு பிரச்சினை என்ற நினைப்பே இல்லை. கடைசி ஒன்றிரண்டு வருஷத்தில் அது இன்னும் கூடியிருந்தது. முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டை ஒன்றாக வைப்பேன், அலாரம் வைத்து ராத்திரி எழுந்து மாற்றுவேன், கறுப்புச் சுடிதார்தான் போடுவேன், கூட்டம் நடக்கும் அறையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். ஒரு சுழற்சியில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிக ரத்தப்போக்கு என்பார்கள், ஆனால் அதை அளந்து பார்க்கிறவர் யார். ஒரு மணி, இரண்டு மணிக்கொருமுறை மாற்ற வேண்டியிருப்பது, பெரிய நாணயத்தைவிடப் பெரிதாகக் கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளைத் தாண்டுவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அதிகம்தான் என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. 80 மில்லி என்றால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம். அதிலும் ஒரு மில்லிகிராம் அன்றாட இழப்புக்கே சரியாகப் போய்விடும். மாதா மாதம் துண்டு விழுகிற கணக்கு இது. 'நல்லா சாப்பிடும்மா' என்பதால் மட்டும் இது நேராகாது.

கடைசியில் காரணம் பிடிபட்டது ஒரு பழைய கவரின் பின்பக்கத்தால். புதிதாக ஒரு பொது மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. வயதான டாக்டரம்மா. திரும்பத் திரும்ப முதலிலிருந்து கதை சொல்லிச் சலித்துப்போயிருந்ததால், காத்திருக்கும்போது கையில் கிடைத்த கவரில் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். என்ன நோய் என்று எழுதத் தெரியவில்லை. அதனால் போன வருஷம் செய்துகொண்டிருந்து இப்போது செய்யாமல் விட்டவை, புதிதாகச் செய்ய ஆரம்பித்தவை என்று எழுதினேன். மாடிப்படி ஏறுவதில்லை. பை தூக்குவதில்லை. ராத்திரி நடக்கிறேன். ஐஸ் தின்கிறேன். அலாரம் வைத்து நாப்கின் மாற்றுகிறேன். தலை சீவும்போது தரையில் துணி விரித்துக்கொள்கிறேன். வெயிலிலும் கை சில்லென்று இருப்பதால் ஏசிக்குக் கீழே உட்காருவதில்லை. அவர் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், அது வழவழவென்று இருந்தது. நகத்தின் மேல் விரலை ஓட்டினார். கட்டைவிரல் நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்போலிருந்தது. "எவ்வளவு நாளாம்மா ஐஸ் தின்கிறே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்ட ஆள் அவர்தான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அந்தக் கவரில் எழுதியவை எல்லாம் நான் செய்துகொண்ட ஏற்பாடுகள் என்பதைக் கவனியுங்கள். உடம்பு சொல்வதைக் கேள், கேள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது? களைப்பு நாளுக்கு நாள் கூடுவது தெரிவதே இல்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அவ்வளவு சின்னது. ஆனால் லிஃப்டுக்கு மாறினேனா, நாற்காலியை மாற்றினேனா, எந்த வேலையை நைசாக அடுத்தவர் தலையில் கட்டினேன் என்பதெல்லாம் தெளிவாக நினைவிருக்கும். அதை எழுதினால் போதும். இன்னொன்று, இந்தப் பட்டியலைத் துண்டு துண்டாக்கிக் கொடுக்காதீர்கள். முடியைத் தோல் டாக்டரிடமும் படபடப்பை இதய டாக்டரிடமும் காலை எலும்பு டாக்டரிடமும் காட்டினால், அவரவர் தங்கள் பங்கைப் பார்த்து நார்மல் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முழுத் தாளும் யார் கையிலும் இல்லை, அவ்வளவுதான். முதலில் ஒரு பொது மருத்துவரிடம் மொத்தத்தையும் காட்டிவிட்டு, அவர் சொன்னால் மற்றவரிடம் போங்கள்.

முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 7.2, சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 66 (80-க்கு மேல் இருக்க வேண்டும்), ஃபெரிட்டின் 4. ஹீமோகுளோபின் என்பது பர்ஸில் இருக்கும் பணம் என்றால் ஃபெரிட்டின் வீட்டுப் பீரோவில் இருக்கும் சேமிப்பு. பர்ஸில் பணம் குறைய ஆரம்பிக்கிறது என்றால் பீரோ ஏற்கெனவே காலி. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல டாக்டர்கள் 30-ஐயே எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலோ, உடம்பில் வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்தேன். ஆபீஸில் வருஷா வருஷம் எடுக்கும் பரிசோதனையில் 12.4, அடுத்த வருஷம் 11.6, எம்.சி.வி. 84-இலிருந்து 77. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. 'லேசான குறைவு, சத்தான உணவு சாப்பிடவும்' என்று ரப்பர் ஸ்டாம்ப். தனித்தனியாகப் பார்த்தால் அலட்டிக்கொள்ள ஒன்றுமில்லாத எண்கள்தான். வரிசையாக வைத்துப் பார்த்தால் இறங்கிக்கொண்டே போவது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புதியது வந்தால் பழையதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கிவிட வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் எம்.சி.வி. குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இரும்பு பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும்; அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையால் பலனில்லை, தேவையில்லாமல் சேர்ந்தால் கெடுதல். ஃபெரிட்டின் பார்த்துவிட்டு ஆரம்பிப்பதுதான் சரி.

மாத்திரை கதை தனிக்கதை. முதல் வாரத்தில் குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போனது. கறுப்பைப் பார்த்து மிரண்டு நிறுத்திவிட்டேன், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாக, கறுப்பாகப் போவது சகஜம். தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால்தான் குடலில் ரத்தக்கசிவா என்று உடனே பார்க்க வேண்டும். டாக்டரம்மாவிடம் சொன்னதும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை என்று மாற்றிக் கொடுத்தார். இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் வாசலைப் பாதி சாத்திவிடுகிறதாம். அதனால் அடுத்த நாளே போட்டால் அதிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது, வயிற்றுத் தொந்தரவுதான் மிச்சம். இதுகூட எல்லாருக்கும் பொதுவான விதியல்ல, உங்கள் அளவை உங்கள் டாக்டரே சொல்ல வேண்டும். அப்புறம் டீ, காபி. நான் காலையில் மாத்திரையை விழுங்கிய கையோடு டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடாது. வைட்டமின் சி உள்ள பழச்சாறோடு போட்டால் நல்லது. நெஞ்செரிச்சலுக்கு நான் மாதக்கணக்கில் போட்டுவந்த அமிலம் குறைக்கும் மாத்திரையும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்று சொல்லி, அது இன்னும் தேவையா என்று பார்த்து நிறுத்தினார். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு இருக்கிறது. "எனக்கு முடியவில்லை" என்று சும்மா நிறுத்திவிடாமல் அதைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் போனது ஐஸ் ஆசை. ஒரு நாள் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு மூடிய பிறகுதான், ட்ரேயைத் தொடவே இல்லை என்பது உறைத்தது. ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்னாலேயே, சில நாளில் இது அடங்கிவிடுவது பலருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், எனக்கு ஏறியது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது. கால் குடைச்சல் அதைவிட நிதானமாகத்தான் விட்டது. முடி மட்டும் மாதக்கணக்கில் ஏமாற்றியது, நடுவில் இன்னும் கொஞ்சம் கொட்டக்கூடச் செய்தது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், முடிக்கு அதன் போக்கில்தான் நேரம் பிடிக்கும். இன்னொரு முக்கியமான விஷயம், ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் 'சரியாகிவிட்டது' என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது. சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் சுமார் மூன்று மாதம் வேண்டும். பாதியில் விட்டுவிட்டு, அடுத்த வருஷம் இதே சுழலில் மறுபடி மாட்டிய தோழி ஒருத்தி எனக்கு உண்டு.

இரும்பு ஏறினால் மட்டும் போதாது, ஏன் இறங்கியது என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில் அந்த டாக்டரம்மா பிடிவாதமாக இருந்தார். ஸ்கேனில் கருப்பையின் உட்சுவரை ஒட்டி ஒரு நார்க்கட்டி, ஃபைப்ராய்டு, தெரிந்தது. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டிதான், ஆனால் அந்த இடத்தில் இருந்தால் ரத்தப்போக்கு கொட்டும். அந்த நாள்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், கருவி செலுத்திக் கட்டியை எடுப்பது என்று வழிகளைச் சொன்னார். நான் கட்டியை எடுத்துவிட்டேன். 'நம்ம வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான்' என்பதற்கு வைத்தியமும் இருந்திருக்கிறது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு யாருடி சொன்னா?" என்றார். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் காரணம் தேடுவது இன்னும் அவசியம். வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம், புண்ணாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி என்று டாக்டர் சொன்னால், 'மாத்திரை மட்டும் கொடுங்கள்' என்று நழுவாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயங்கி விழுதல், மணிக்கு ஒரு நாப்கின் வீதம் சில மணி நேரம் தொடர்ந்து நனைவது, இவை வந்தால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டியதுதான். தனியாக இருப்பவர்கள் அப்படிப்பட்ட நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு தாங்களே கிளம்பாமல் ஆம்புலன்ஸையோ பக்கத்து வீட்டையோ கூப்பிடுங்கள். எனக்கு ஒருமுறை குளியலறையில் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து உள்தாழ்ப்பாள் போடுவதில்லை, ஒரு சாவி கீழ்வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது.

இரும்பு மாத்திரை வீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், பலவற்றுக்கு இனிப்புப் பூச்சும் உண்டு. சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. என் தங்கை மகள் வந்தால் என் கைப்பையைத்தான் முதலில் குடைவாள், அதனால் மாத்திரை டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். குழந்தை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுவலி என்றிருந்துவிட்டு நடுவில் குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும், அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.